பத்து மாதக் கிளி திடீரென்று கடிக்க ஆரம்பித்துவிட்டது, என்ன செய்வது?

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது. இரண்டு மாதக் குஞ்சாக வாங்கி, கையால் ஊட்டி வளர்த்த பச்சைக்கிளி, ரிங்நெக் வகை. இப்போது பத்து மாதம். போன மாதம் வரை தோளில் உட்கார்ந்து கம்மலைக் கொஞ்சிக்கொண்டிருந்தது. இப்போது வரவேற்பறையில் இருக்கும் கூண்டுக்குள் கையை விட்டாலே பாய்கிறது. கணவர் பக்கத்தில் இருந்தால் அவரை விட்டு இறங்கி வந்து இவரைக் கடிக்கிறது. போன வாரம் மகளின் விரலில் ரத்தம். மாமியார் விரலில் மிளகாய் தடவிக்கொள்ளச் சொல்கிறார், கடைக்காரர் அலகில் ஒரு தட்டு தட்டச் சொல்கிறார், கணவர் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார். மூன்றில் எது சரி?

மூன்றும் வேண்டாம். மிளகாயிலிருந்தே தொடங்குகிறேன், நம் வீடுகளில் முதலில் வரும் வைத்தியம் அதுதானே. மிளகாய் நம் வாயில் எரிவது கேப்சைசின் என்ற பொருளால். அதை உணரும் ஏற்பி பறவைகளிடமும் உண்டு, ஆனால் அது கேப்சைசினுக்கு அசைந்து கொடுக்காது. காட்டு மிளகாயின் விதைகளைத் தின்று பரப்புவதே பறவைகள்தான். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சிலி பாடி மிளகாயை நீட்டிப் பாருங்கள். ஒரு காலால் பிடித்துக்கொண்டு, தோலைக் கிழித்து, உள்ளே இருக்கும் விதையை நிதானமாகத் தின்னும். அதே விரலால் கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போகிற உங்களுக்குத்தான் கஷ்டம்.

அலகில் தட்டுவது கெடுதல். அது நரம்புகள் நிறைந்த உறுப்பு. அதைவிட முக்கியம், இந்தக் கிளிக்கு உங்கள் கை இத்தனை நாள் தீனி வரும் இடம், ஏறி உட்காரும் இடம். ஒரு முறை தட்டிவிட்டால் கை வரும்போதெல்லாம் எந்தக் கை வருகிறது என்று அதற்குச் சந்தேகம் வந்துவிடும். சந்தேகப்படும் கிளி முந்திக்கொண்டு கடிக்கும். சில கிளிகள் வேறு மாதிரி, தட்டுவதை மல்லுக்கட்டும் விளையாட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாக வரும். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்கு. தண்ணீர் பீய்ச்சுவது, கத்துவது, கையை ஆட்டிக் கீழே விழவைப்பது எல்லாம் இதே கணக்குத்தான்.

முதலில் வயதைப் பாருங்கள். ரிங்நெக் வளர்ப்பவர்கள் இந்தப் பருவத்தை 'பிளஃபிங்' என்பார்கள். நான்கு ஐந்து மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். நேற்றுவரை சாதுவாக இருந்த குஞ்சு சீறும், பாயும், வாலை விரிக்கும், கையைக் கண்டால் பின்வாங்கும். குஞ்சுப் பருவம் முடிந்து, தன் இஷ்டம் என்று ஒன்று அதற்கு வந்துவிட்டது. சில வாரத்திலோ சில மாதத்திலோ இது தணியும். ஆனால் தணிவது நீங்கள் இந்தச் சமயத்தில் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இப்போது கடித்துக் காரியம் சாதிக்கலாம் என்று கற்றுக்கொண்ட கிளி, பருவம் போன பிறகும் அதை விடாது.

காரியம் சாதிப்பது என்று ஏன் சொல்கிறேன்? நீங்கள் சொன்ன காட்சியையே எடுத்துக்கொள்வோம். கிண்ணத்தை மாற்றக் கூண்டுக்குள் கை போகிறது. கிளி கம்பில் ஓர் அடி பின்னால் நகர்கிறது. கை நிற்கவில்லை. கிளி உடம்பை ஒடுக்கி உயரமாக நிற்கிறது, அல்லது கழுத்து இறகைச் சிலிர்க்கிறது. கை நிற்கவில்லை. கண்மணி சட்டென்று புள்ளியாகச் சுருங்கி, விரிந்து, மறுபடி சுருங்குகிறது. வால் விசிறியாகிறது, தலை தாழ்ந்து முன்னே வருகிறது, அலகு லேசாகத் திறக்கிறது. கை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அப்புறம் ஒரே கடி. கை மின்னல் வேகத்தில் வெளியே போய்விட்டது! நான்கு விதமாகச் சொல்லியும் கேட்காத ஆள் ஐந்தாவதாகச் சொன்னதும் கேட்டுவிட்டார். அடுத்த முறை அந்த நான்கையும் சொல்லிக்கொண்டிருக்க அது என்ன முட்டாளா? நேரே ஐந்தாவதுக்கு வந்துவிடும். "எந்த அறிகுறியும் காட்டாமல் கடிக்கிறது" என்று பலர் வருத்தப்படும் கிளிகள் பெரும்பாலும் இப்படிப் பழக்கப்பட்டவைதான்.

ஆகவே உங்கள் வேலை கடியை நிறுத்துவதல்ல, கடிக்கு முந்திய நான்கையும் மறுபடி செல்லுபடியாக்குவது. கிளி பின்வாங்கினால் கையும் நிற்க வேண்டும். இரண்டு விநாடி அப்படியே நில்லுங்கள். உடம்பு தளர்ந்தால் தொடரலாம், தளராவிட்டால் கையை மெதுவாக எடுத்துவிட்டுப் பிறகு வாருங்கள். "விட்டுக்கொடுத்தால் தலையில் ஏறிவிடும்" என்று மாமியார் சொல்வார். ஏறாது. சும்மா பின்னால் நகர்ந்தாலே ஆள் புரிந்துகொள்கிறார் என்றால் கடிக்க வேண்டிய தேவையே குறைகிறது.

கண்மணி சுருங்கி விரிவது எப்போதும் கோபம் இல்லை. பிடித்த பாட்டைக் கேட்டாலும், பேச ஆரம்பித்தாலும், பப்பாளியைப் பார்த்தாலும் அப்படித்தான் செய்யும். மொத்தத்தில் அது கிளி உச்சக்கட்டப் பரபரப்பில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். அந்த நேரத்தில் விரலை நீட்டாதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், கடியே இல்லாததைக் கடி என்று எடுத்துக்கொள்வது. கிளிக்கு அலகு மூன்றாவது கால். விரலில் ஏறுவதற்கு முன் அலகை விரல்மேல் வைத்து, லேசாகப் பிடித்து, தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கும். நாக்கு உலர்ந்து தடித்திருக்கும், அது தோலில் படுவதுகூடத் தெரியும். பயந்தவர்கள் இந்த நேரத்தில்தான் கையை வெடுக்கென்று இழுப்பார்கள். கிளி தடுமாறும். அடுத்த முறை இந்தக் கிளை நழுவும் கிளை என்று தெரிந்து இறுக்கிப் பிடிக்கும், அது வலிக்கும், மறுபடி கையை இழுப்பீர்கள். உங்கள் மகள் விஷயத்தில் இதுதான் நடந்திருக்கும் என்று ஒரு சந்தேகம் எனக்கு. கை ஆடாமல் இருக்க முடியாவிட்டால் விரலைக் கொடுக்க வேண்டாம், ஒரு மரக்கம்பைக் கொடுங்கள். கம்பில் ஏறி இறங்கும் கிளி ஒன்றும் குறைந்துபோய்விடாது.

நகை தனிக்கதை. கம்மல், வளையல், சட்டைப் பொத்தான், மூக்குத்தி, பளபளப்பது எதுவானாலும் கிளி பிடுங்கிப் பார்க்கும். அதில் விரோதம் இல்லை, ஆனால் காது கிழியும். இப்போதைக்குத் தோளில் ஏற்ற வேண்டாம். தோளில் இருக்கும் கிளியின் கண்ணும் கழுத்து இறகும் உங்களுக்குத் தெரியாது, அதன் அலகோ உங்கள் கண்ணுக்கு அருகில் இருக்கும். தீபாவளி சமயத்தில் மருதாணி வைத்த கையைக் கண்டு மிரளும் கிளிகளும் உண்டு. பறவைகள் நம்மைவிட அதிக நிறம் பார்ப்பவை, புற ஊதா ஒளி உட்பட. தெரிந்த கை திடீரென்று வேறு நிறத்தில் வந்தால் அதற்கு அது வேறு கைதான்.

சரி, பயிற்சி. ஒரு சாப்ஸ்டிக் எடுத்துக்கொள்ளுங்கள், கோப்பிக்கடையில் கொடுக்கும் மரக்குச்சியே போதும். கிளிக்கு உயிரான தீனி ஒன்று வேண்டும். பெரும்பாலும் அது குவாச்சி. பசார் மாலாமில் விற்கும் உப்புக் குவாச்சி கூடாது, பறவைக் கடையில் விற்கும் உப்பில்லாத சூரியகாந்தி விதை. கிண்ணத்திலிருந்து அதை முழுசாக எடுத்துவிடுங்கள். இனி அது பயிற்சியில் மட்டும்தான் கிடைக்கும். கிண்ணத்தில் பெல்லட் (பறவைக்கான உருண்டைத் தீனி), கங்கோங், சாவிக் கீரை, சோளம், பயற்றங்காய், கொய்யா. வெறும் விதையிலேயே வளரும் கிளிக்கு வைட்டமின் ஏ பற்றாக்குறை வரும், அதற்காகவும் இந்த மாற்றம் நல்லது. அவகாடோ மட்டும் எந்த உருவத்திலும் கொடுக்காதீர்கள், பறவைக்கு அது விஷம்.

காலைத் தீனிக்கு முன்னால், கொஞ்சம் பசி இருக்கும் நேரம் பார்த்து (பட்டினி போடச் சொல்லவில்லை), கூண்டுக் கம்பிக்கு வெளியே நின்று குச்சியின் நுனியைக் காட்டுங்கள். எட்டத்தில் நிறுத்துங்கள், மூக்கில் இடிக்க வேண்டாம். கிளிக்கு ஆவலை அடக்க முடியாது, வந்து அலகாலோ நாக்காலோ தொட்டுப் பார்க்கும். தொட்ட அதே கணம் "சரி!" என்று சொல்லி ஒரு விதை கொடுங்கள். விரலைக் கண்டு பயந்தால் சிறு கரண்டியில் வைத்து நீட்டுங்கள். குச்சியைக் கடித்துப் பொடியாக்கத் தொடங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாடம் குச்சி தின்பதாகிவிடும். பிறகு நுனியை ஒரு விரற்கடை தள்ளிக் காட்டுங்கள். அப்புறம் கம்பின் அந்தக் கோடிக்கு. கிளி நடந்து வந்து தொடும். மூன்று நான்கு நிமிடம் போதும், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அதற்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். கிளி ஜோசியரிடம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: கிளி வெளியே வரும், சீட்டுகளின்மேல் நடக்கும், ஒன்றை உருவிக் கொடுக்கும், கொடுத்த மாத்திரத்தில் ஒரு நெல்மணி. பிறகு தானே உள்ளே போய்விடும். அதட்டல் இல்லை, அடி இல்லை. அந்தச் சின்னக் கூண்டையும் வெட்டிய இறக்கையையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் சரியான நொடியில் ஒரே ஒரு மணி என்ற வித்தையை நம் ஜோசியர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

குச்சியைப் பின்தொடர நன்றாகப் பழகியதும் கூண்டுக் கதவைத் திறந்து, அதுவாகவே வெளியே வரும்படி குச்சியைக் காட்டுங்கள். இதில்தான் பாதிப் பிரச்சினை தீரும். கூண்டு அதன் வீடு. பல கிளிகள் கூண்டுக்குள் கை வந்தால் கடிக்கும், வெளியே அதே கைமேல் சாதுவாக ஏறும். அதனால் கிளி வெளியே இருக்கும்போது கிண்ணத்தை மாற்றுங்கள், கூண்டைக் கழுவுங்கள். உள்ளே கையை விட்டுப் பிடித்து எடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். வெளியே வந்த கிளியைக் குச்சி காட்டி மரக்கம்பில் ஏற்றலாம். கம்பு பழகியபின் முன்கை, கடைசியில் விரல். எந்தப் படியில் அது தயங்குகிறதோ அதற்கு முந்திய படிக்குப் போய்விடுங்கள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைய பாடம் முடிந்தது. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் 1977-இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கி, 2007-இல் அது இறக்கும்வரை பழக்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, பாடம் போதும் என்றால் திரும்பிப் போக வேண்டும் என்று வாயாலேயே சொல்லும். உங்கள் கிளி முதுகைக் காட்டித்தான் சொல்லும்.

கணவர் விஷயம். கிளி அவரைத் தன் ஆளாக வரித்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் நடுவில் வருகிற ஆள். இதில் அவர் செய்ய வேண்டியதுதான் அதிகம். நீங்கள் பயிற்சி கொடுக்கும்போது அவர் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. அடுத்த சில வாரம் குவாச்சி உங்கள் கையிலிருந்து மட்டுமே வர வேண்டும். கிளி உங்களைக் கடித்தால் அவர் ஓடி வந்து தூக்கிக்கொள்ளக் கூடாது, கடித்ததற்குப் பரிசாகப் பிடித்த ஆளே கிடைத்துவிடுகிறாரே! தலையைத் தவிர வேறெங்கும் அவர் தடவவும் வேண்டாம். முதுகு, வால் அடி, இறக்கைக்குக் கீழே தடவுவது கிளிக்கு ஜோடி சேரும் சைகை. ரிங்நெக் 2, 3 வயதில்தான் பருவத்துக்கு வரும் என்றாலும் பழக்கம் இப்போதே படிகிறது. பொதுவாக ரிங்நெக் தடவிக் கொடுப்பதை அவ்வளவாக விரும்பாத ஜாதி. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலே அதற்குப் போதும். காக்கட்டூவைப் போல மடியில் படுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆணா பெண்ணா என்பதும் இப்போது பார்த்துச் சொல்ல முடியாது. ஆணுக்குக் கழுத்து வளையம் வர ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுவரை ஆகும்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கூண்டு வரவேற்பறையில் இருக்கிறது என்றீர்கள். கோலாலம்பூரில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரை மணி நேர வித்தியாசம்கூட இல்லை. ஏழேகால், ஏழரைக்கெல்லாம் இருட்டிவிடும், காட்டுக் கிளி அடைந்துவிடும். நம் வீட்டுக் கிளியோ இரவு நாடகம் முடிந்து, ரொட்டி சானாய் வாங்கப் போனவர் திரும்பி வந்து, பதினொன்றரைக்கு விளக்கணைக்கும்வரை விழித்திருக்கிறது. விடிந்ததும் மறுபடி சத்தம். தூக்கம் கெட்ட கிளி சிடுசிடுக்கும், அதோடு நீண்ட வெளிச்சம் வயதுவந்த கிளிக்கு இனப்பெருக்கக் காலம் என்ற சேதியைக் கொடுக்கும். பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். இரவுக்கு மட்டும் சின்னக் கூண்டு ஒன்றை விருந்தினர் அறையில் வைக்கலாம். துணி போர்த்தினால் ஒரு பக்கம் திறந்திருக்கட்டும், நம் ஊர்ப் புழுக்கத்தில் மூச்சுமுட்டும். அட்டைப்பெட்டி, சோபாவுக்கு அடியில், அலமாரி இடுக்கு என்று பொந்து போன்ற இடங்களில் நுழைய விடாதீர்கள். கூடு கிடைத்ததாக நினைத்து அதைக் காவல் காக்க ஆரம்பிக்கும்.

கடையில் இறக்கை வெட்டித்தான் கொடுத்திருப்பார்கள். பறக்க முடிந்த கிளிக்குப் பிடிக்காத கை வந்தால் பறந்து போய்விடும், பறக்க முடியாததற்கு அலகை விட்டால் வழியில்லை. மறுபடி வெட்டாதீர்கள். இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது தானாகச் சரியாகும். முளைக்கும் புது இறகு ரத்தம் ஓடும் குழாய், தொட்டால் வலிக்கும், அந்த வாரங்களில் தொடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் கிளி இருக்கும் வீட்டில் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் கூண்டைத் திறக்க வேண்டும். சன்னலும் சமையலறைக் கதவும் சாத்தியிருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் மசியாமல், சோர்ந்து, இறகைப் பம்மென்று உப்பவிட்டு உட்கார்ந்தாலோ, கூண்டின் தரையில் இறங்கி இருந்தாலோ, எச்சம் மாறினாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ கடியை மறந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். பறவைகள் நோயை மறைக்கும், தெரியவரும்போது முற்றியிருக்கும். நாய் பூனை பார்க்கும் எல்லாரும் பறவை பார்ப்பதில்லை, முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது கூண்டை வேறு அறைக்கு மாற்றுங்கள், கிளியின் நுரையீரல் புகையைத் தாங்காது. ஒட்டாத பூச்சுள்ள சட்டி அளவுக்கு மேல் சூடேறினால் வரும் ஆவி அதைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும்.

கடித்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது? கத்தாதீர்கள், முகத்தை மாற்றாதீர்கள். உங்கள் "ஐயோ" கிளிக்கு நல்ல வேடிக்கை. கையை இழுத்தால் தோல் கிழியும். ஆடாமல் அருகில் இருக்கும் கம்பிலோ மேசையிலோ கையைச் சாய்த்து இறங்க விடுங்கள், பிறகு ஒன்றும் பேசாமல் ஒரு நிமிடம் திரும்பிக்கொள்ளுங்கள். உடனே கூண்டில் அடைக்க வேண்டாம், அது கூண்டுக்குப் போக விரும்பியே கடித்திருக்கலாம். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். ஆழமாகவோ மூட்டுமேலோ இருந்தால் கிளினிக்குக்குப் போய் டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகிவிட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவரின் யோசனைக்கு வருகிறேன். சன்னலைத் திறந்து பறக்கவிடுவது மட்டும் கூடவே கூடாது. கையால் ஊட்டி வளர்ந்ததற்கு இரை தேடத் தெரியாது. தப்பிப் பிழைத்தாலும் இது இந்த மண்ணின் பறவை அல்ல, இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்தது. லண்டனில் இப்படித் தப்பியவை இன்று கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. உண்மையிலேயே முடியவில்லை என்றால் பறவை வளர்த்துப் பழக்கமுள்ள ஒருவருக்கு, கடிக்கும் என்பதை மறைக்காமல் கொடுங்கள். இது 25 வருடத்துக்கு மேல் வாழக்கூடியது, கைமாறிக் கைமாறிப் போகும் கிளியின் கடிதான் மாற்றக் கடினம். அதற்குப் பதிலாக இன்னொரு கிளி வாங்கும் எண்ணம் இருந்தால், சில வகைகளுக்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும், காசு கொடுக்கும் முன் விசாரியுங்கள். ஆனால் பத்து மாதத்தில், பருவக் கோளாறில் இருக்கும் ஒன்றை விடுவதற்கு இது நேரமே இல்லை என்பது என் கருத்து.

மகளை ஒதுக்கி வைக்காதீர்கள். சாப்ஸ்டிக் பாடத்தைக் கம்பிக்கு வெளியே நின்று அவளே நடத்தலாம், விதையைக் கரண்டியில் வைத்துக் கொடுக்கட்டும். கிளி கம்பில் எந்தப் பக்கம் சாய்ந்தது, கழுத்து இறகு எழுந்ததா என்று பார்த்துச் சொல்லும் வேலையையும் அவளுக்கே கொடுங்கள், பிள்ளைகளின் கண் நம்மைவிடக் கூர்மை. அவள் விரலை நீட்டுவது மட்டும், உங்கள் கையில் கிளி அலட்டாமல் ஏறி இறங்கத் தொடங்கிய பிறகு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது.